241 என்றால் என்னவென்று சேர்க்கை நாளன்றே சொல்லிவிடுங்கள்

சித்தூர் வட்டாரத்துச் சி.பி.எஸ்.இ. பள்ளி முதல்வர்களுக்கு (ஆந்திரச் சித்தூர் அல்ல, நம் பாலக்காட்டுச் சித்தூர்),

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் டியூஷன் எடுக்கிறவள் நான். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம்.

போன வருடம் ஒரு பையன் வந்தான். இயற்பியல், வேதியியலோடு பாட எண் 241, அதாவது பயன்பாட்டுக் கணிதம் எடுத்திருந்தான். ஓணம் லீவில் எஞ்சினியரிங் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ.யின் மாதிரித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள மிகக் குறைந்த தூரம் கேட்கும் கணக்கில் விரலை வைத்து, "இது எங்க புக்குல எந்தப் பாடம் டீச்சர்?" என்றான். எந்தப் பாடத்திலும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு 241-இல் முப்பரிமாண வடிவியலும் கிடையாது, வெக்டரும் கிடையாது. அதெல்லாம் வழக்கமான கணிதப் பாடமான 041-இல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுக்கவும் முடியாது. "மேத்ஸ்னா மேத்ஸ்தான், இது கொஞ்சம் ஈஸி" என்று சேர்க்கையின்போது சொன்னார்களாம். எந்தப் பள்ளி என்று எழுத மாட்டேன். இப்படிச் சொன்னது ஒரு பள்ளி மட்டும் என்றால் இந்த மடலே எழுதியிருக்க மாட்டேன்.

இந்தக் குழப்பத்துக்கு வாரியமும் கொஞ்சம் காரணம். பத்தாம் வகுப்பு அடிப்படைக் கணிதத்துக்கும் எண் 241, பதினொன்றில் பயன்பாட்டுக் கணிதத்துக்கும் அதே 241. அடிப்படைக் கணிதம் படித்தவர்கள் இதை எடுக்கலாம் என்பதும் உண்மைதான். இரண்டையும் முடிச்சுப் போட்டு, "மார்க் குறைஞ்சவங்க கணக்கு" என்று ஊரே பெயர் வைத்துவிட்டது.

பாடத்தில் எனக்குக் குறை இல்லை. வணிகவியல் பக்கம் போகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைக்காது. சி.ஏ. படிப்பின் முதல் தேர்வான ஃபவுண்டேஷனின் மூன்றாம் தாளில் வருகிற ஆண்டுத்தொகை (தவணைதோறும் சமமாகக் கட்டும் தொகை) இதில் இருக்கிறது. இ.எம்.ஐ. பாடம் நடத்திய அன்று ஒரு பெண் தன் அம்மாவின் கடன் அட்டையை எடுத்துவந்தாள். மாட்டுக்கு வாங்கிய ஒரு லட்சம். வட்டி 12 சதவீதம், பன்னிரண்டு தவணை, மாதம் 9,333 ரூபாய். புத்தகச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 8,885தான் வருகிறது. மூன்று தடவை போட்டாள். நான்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் பிடிபட்டது: அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டியை மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கும் போட்டிருக்கிறார்கள். திருப்பிக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட இப்ப சொல்லட்டுமா, மாடு கன்னு போட்டப்புறம் சொல்லட்டுமா?" என்றாள்.

இதையா ஈஸி என்கிறீர்கள்?

பாலில் தண்ணீர் கலக்கிற கணக்கு மட்டும் எங்கள் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் போட்டால் மாட்டிக்கொள்வார்களே! அதனால் 3.5 சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலையும் 6 சதவீத எருமைப்பாலையும் கலந்து 4.5 ஆக்கச் சொல்வேன். மூன்றுக்கு இரண்டு என்று வாயாலேயே சொல்லிவிடுவார்கள். நகரும் சராசரிக்கு (அடுத்தடுத்த சில மாதங்களைச் சேர்த்து எடுக்கிற சராசரி), ஆழியாற்றுத் தண்ணீர் கேரளத்துக்கு வருகிற மணக்கடவு இருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி அங்கே வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும் என்பது சித்தூரில் நெல் போடுகிற எந்த வீட்டுக்கும் தெரியும். அந்த நீர்வரத்தை மாதவாரியாக எக்ஸலில் போட்டு வரைந்தால் உங்கள் புராஜெக்ட் ஆயிற்று. அக மதிப்பீட்டின் 20 மதிப்பெண்ணில் புராஜெக்டும் உண்டு, கணினியில் செய்கிற செய்முறையும் உண்டு. பிள்ளைகள் என்னிடம் காட்டுவதோ சீனியரைப் பார்த்து எழுதிய ரெக்கார்டு நோட்டு.

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சியில் தமிழ்நாட்டு வணிகக் கணிதப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். பாதிப் பாடம் அதிலும் உண்டு, தமிழில். ஆங்கிலத்தில் முழிக்கிற பிள்ளைக்கு அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினால் முகம் தெளிந்துவிடும். உங்கள் நூலகத்தில் இரண்டு பிரதி வாங்கிப் போடக் கூடாதா?

நான் கேட்பது சின்ன விஷயம். பதினொன்றில் பாடப்பிரிவு எழுதும் முன் பெற்றோரை உட்காரவைத்து, இதை எடுத்தால் எங்கே போகலாம், எங்கே போக முடியாது என்று அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்லுங்கள். எஞ்சினியரிங் கனவு இருக்கிற பிள்ளைக்கு 041 என்று கறாராகச் சொல்லுங்கள். மார்க்கைப் பார்த்து 241-க்குத் தள்ளிவிடாதீர்கள். சேர்க்கைக்கு வருகிறவர்களில் பலர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள். படிவத்தில் கைகாட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

தமிழில் சொல்ல ஆள் இல்லையென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். மே மாதம் காலை நேரத்தில் எனக்கு வகுப்பு கிடையாது.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை டியூஷன் டீச்சர்