வீட்டிலேயே பிள்ளை பெற விரும்பும் அக்காள் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

தலைப்பிரசவத்துக்கு வேலூருக்கும் வராமல், ஆஸ்பத்திரிக்கும் போகாமல், சர்ஜாபுரம் சாலையில் உள்ள உன் ஃபிளாட்டிலேயே ஒரு மருத்துவச்சியின் துணையோடு பிள்ளை பெற நினைப்பதாக எழுதியிருந்தாய். அக்கா பதறிப்போயிருக்கிறாள். பெங்களூரில் பல ஆண்டுகள் பிரசவ அறையில் நர்ஸாக வேலை பார்த்தவள் என்ற முறையில், அந்தப் பராமரிப்பில் நீ எதை எதிர்பார்க்கலாம், எதைக் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும் என்பதை எழுதுகிறேன். இதே கேள்வியோடு இந்த ஊரில் வேறு பெண்களும் இருப்பதால், உன் சம்மதத்தோடு பொதுவில் வைக்கிறேன்.

உன் காரணங்கள் எனக்குப் புரிகின்றன. வலியில் துடிக்கும் பெண்ணை மல்லாக்கப் படுக்க வைத்து, உடன் யாரையும் விடாமல், சத்தம் போட்டால் அதட்டுகிற அறைகள் இன்னும் இருக்கின்றன. நல்ல மருத்துவச்சியிடம் உனக்குக் கிடைக்கும் முதல் வித்தியாசம் நேரம்தான். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து பேசுவார். இரத்த அழுத்தம் பார்ப்பார், வயிற்றை அளப்பார், கையால் தொட்டுக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று உனக்கே காட்டிக்கொடுப்பார். மாதம் ஒரு முறையாகத் தொடங்கும் சந்திப்பு, 36 வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரு முறையாகும். அந்தக் கட்டத்தில் ஒரு தடவையாவது அவர் உன் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும்.

ஆனால் அவர் உன்னை ஏற்றுக்கொள்வதற்கு முன் மறுப்பதற்கான காரணங்களைத் தேட வேண்டும். இரட்டைக் குழந்தைகள், தலை கீழே திரும்பாத குழந்தை, முன்பு சிசேரியன் ஆனவர்கள், இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டவர்கள், கர்ப்பகாலச் சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், 37 வாரம் நிறையுமுன் வலி எடுத்தவர்கள் ஆகியோருக்கு வீட்டில் பிரசவம் பார்க்கக் கூடாது. நம் பெண்களிடம் மிகவும் பரவலாக இருக்கும் இரத்தசோகையை நான் தனியாகச் சொல்வேன். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருப்பவள், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் இரத்த இழப்பைக்கூடத் தாங்க மாட்டாள். எட்டாம் மாதத்தில் உன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இனி வீட்டில் வேண்டாம்" என்று சொல்லத் தயங்காதவரைத்தான் நீ தேட வேண்டும். எல்லாமே இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவரிடம் போகாதே.

உனக்கு இது முதல் பிள்ளை என்பதால் ஓர் ஆய்வை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில், ஆபத்துக் குறைவான அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைக் கவனித்து 2011-இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்கு வீடும் ஆஸ்பத்திரியும் குழந்தையின் நலத்தில் பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. முதல் பிள்ளைக்காரிகளிடம், குழந்தை இறப்பதோ கடுமையாகப் பாதிக்கப்படுவதோ ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 5.3 ஆகவும், வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களிடம் 9.3 ஆகவும் இருந்தது. அவர்களில் 45 சதவீதத்தினர் பிரசவத்தின்போதோ பிரசவம் ஆன கையோடோ ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும், ஆம்புலன்ஸும், ஆஸ்பத்திரியும் ஒரே அரசு ஏற்பாட்டில் இணைந்திருக்கும் நாட்டின் கணக்கு இது. நம் மத்திய அரசு 2018-இல் மருத்துவச்சிச் சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டு, நர்ஸ்களுக்குப் பதினெட்டு மாதப் பயிற்சியை வகுத்தது என்றாலும், அது அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவச்சிகள் நடத்தும் பிரிவுகளை மனதில் வைத்தது. உன் வீட்டுக்கு வருகிறவரின் படிப்பையும், நர்ஸிங் கவுன்சில் பதிவையும், இதுவரை எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார் என்பதையும் நீயேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலி எடுக்கும் நாளில் பெரும்பாலான நேரம் அவர் ஒன்றும் செய்யாததுபோலத்தான் தோன்றும். நீ நடக்கலாம், குளிக்கலாம், கஞ்சி குடிக்கலாம், குந்தி உட்காரலாம். ஆனால் வலி பிடித்துக்கொண்ட பிறகு பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு வலி அடங்கியவுடன், டாப்ளர் என்ற, துடிப்பைக் கேட்கும் சிறு கருவியை உன் அடிவயிற்றில் வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்கக் குழந்தையின் இதயத்துடிப்பை எண்ணுவார். முக்கத் தொடங்கியபின் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணுவார். அது 110-க்கும் 160-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் நேரத்தோடு எழுதி வைக்கிறாரா என்று உன் கணவரைப் பார்க்கச் சொல். பனிக்குட நீர் பச்சையாக வந்தாலும், காய்ச்சல் கண்டாலும், துடிப்பு தடுமாறினாலும், விவாதமின்றிக் கிளம்ப வேண்டும். வலி சீக்கிரம் வர ஊசி போடுகிறேன் என்று வீட்டில் யாராவது சொன்னால் அவரை அந்த நிமிடமே அனுப்பிவிடு. அந்த ஆக்ஸிடோசின் ஊசி பிள்ளை பிறக்குமுன் கர்ப்பப்பையைக் கிழிக்கவும் குழந்தையை மூச்சுத்திணற வைக்கவும் கூடியது.

அதே மருந்துதான் பிள்ளை பிறந்தபின் உயிரைக் காப்பது. 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொண்ட ஓர் இளம் ஆசிரியை இரத்தப்போக்கால் இறந்ததை நீயும் படித்திருப்பாய். குழந்தை பிறந்தவுடன் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் போடுவதும், நஞ்சுக்கொடி முழுதாக வந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதும், தொப்புளுக்கருகே கையை வைத்துக் கர்ப்பப்பை தேங்காய்போல் இறுகியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பதும் அவர் கடமை. இரத்தம் அரை லிட்டரைத் தாண்டினால் அது ஆபத்து; துணியில் ஊறியதைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் எப்போதும் குறைவாகத்தான் தெரியும் என்பதால் துணிகளை எடை போட வேண்டும். அந்த மருந்தைக் குளிர்பதனத்தில் வைத்துக் கொண்டுவருகிறாரா, இரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலமும் நரம்பில் ஏற்றும் சலைனும் ஆக்ஸிஜனும் பச்சைக் குழந்தைக்குக் கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் ஆம்பூ பையும் கூடவே வருகின்றனவா என்று பையைத் திறந்து காட்டச் சொல். மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் காற்று கொடுத்தாக வேண்டும். அதனால், தாய்க்கு ஒருவர் குழந்தைக்கு ஒருவர் என்று பயிற்சி பெற்ற இருவர் இல்லாத பிரசவத்துக்கு நீ ஒப்புக்கொள்ளக் கூடாது.

இனி இந்த ஊரைப் பற்றி. மழை பெய்த மாலையில் சர்ஜாபுரம் சாலையும் சில்க் போர்டு சந்திப்பும் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எந்நேரமும் சிசேரியன் செய்யவும் இரத்தம் ஏற்றவும் வசதியுள்ள ஆஸ்பத்திரி அரை மணிக்குள் எட்டும் தூரத்தில் இல்லையென்றால் உன் ஃபிளாட் இதற்கு ஏற்ற இடமில்லை என்பதே என் முடிவு. அந்த ஆஸ்பத்திரியில் இப்போதே பெயரைப் பதிந்து, அங்குள்ள டாக்டரிடம் ஸ்கேனும் பரிசோதனையும் தொடர்ந்து செய்துகொள். முன்பின் பார்த்திராத பெண்ணை நள்ளிரவில் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய தனியார் ஆஸ்பத்திரிகளை நான் கண்டிருக்கிறேன். ஏழாவது மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சர் எந்த லிஃப்டில் படுத்தவாக்கில் இறங்கும் என்று இப்போதே அளந்து பார்க்கச் சொல். காவலாளியிடமும் சொல்லி வை.

பிறந்தபின் அவர் சில மணி நேரமாவது உடனிருந்து, மறுநாளும் மூன்றாம் நாளும் அதன்பின் ஆறு வாரம் வரையிலும் வந்து, பச்சை உடம்பையும் தாய்ப்பாலையும் குழந்தையின் மஞ்சள்காமாலையையும் பார்க்க வேண்டும். வைட்டமின் கே ஊசியும், 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியும் போலியோ சொட்டும் வீட்டில் பிறந்த குழந்தைக்கு விட்டுப்போக வாய்ப்பு அதிகம். வீட்டுப் பிரசவத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டிய பொறுப்பும் குடும்பத்தலைவருடையது. அதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

உன் கடைசி ஹீமோகுளோபின் அளவையும், பதிந்திருக்கும் ஆஸ்பத்திரியின் பெயரையும், அந்த மருத்துவச்சி இந்தக் கேள்விகளுக்குச் சொன்ன பதில்களையும் எனக்கு எழுது. அவர் 36-ஆம் வாரத்தில் வீடு பார்க்க வரும் நாளில் நானும் அல்சூரிலிருந்து வருகிறேன். அக்காவையும் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
சித்தி