ரிச்சி ஸ்ட்ரீட் பெரியவருக்கு நன்றி

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், செல்போன் கடைகளுக்கு நடுவே இன்னும் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற ஒரு சின்னக் கடையின் பெரியவருக்காக இதை எழுதுகிறேன்.

அப்பாவின் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ பாடுவதை நிறுத்திவிட்டது. ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கித் தரும் அவுட்புட் பகுதியில் இருந்த ஏசி 128 (AC128) என்ற டிரான்சிஸ்டர் ஜோடி போய்விட்டது. அந்தக் காலத்து ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? கேட்ட கடையிலெல்லாம் கையை விரித்தார்கள், ஒருவர் அதற்குப் பதிலாக ஏதாவது சிலிக்கான் டிரான்சிஸ்டரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஐயா, நீங்கள் மட்டும்தான் உட்காரச் சொன்னீர்கள். பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கி, உள்ளே கிடந்த ஏசி 128-களை ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்து, கெயின், அதாவது பெருக்கும் அளவு, ஒத்துப்போகிற இரண்டைத் தேடிக் கொடுத்தீர்கள். நான் கேட்கவே இல்லை, கடையில் வேறு ஆட்களும் காத்திருந்தார்கள். சிலிக்கானுக்கு பேஸ் என்ற காலில் 0.6 வோல்ட் வேண்டும், இந்த ஜெர்மேனியத்துக்கு 0.2 போதும், பயாஸை, அதாவது பேஸுக்குக் கொடுக்கும் அந்த வோல்டேஜை, மாற்றாமல் சிலிக்கானைப் போட்டால் சத்தம் கரகரக்கும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். சால்டர் வைக்கும்போது டிரான்சிஸ்டரின் காலை நோஸ் பிளையரால் பிடித்துக்கொள், சூடு உள்ளே ஏறக் கூடாது என்றும் சொன்னீர்கள்.

அப்புறம், 1969 முதல் வருகிற ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ பத்திரிகையைப் பார்த்து சர்க்யூட் கட்டிப் பழகியவன் நான் என்று பேச்சுவாக்கில் சொன்னதும், அட்டை போன பழைய இதழ் ஒன்றை எடுத்து நீட்டினீர்கள். அதில் யாரோ ஒரு ரெசிஸ்டர் மதிப்பைப் பென்சிலால் அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

ரேடியோ நன்றாகப் பாடுகிறது. அந்தத் தெருப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். ரொம்ப நன்றி ஐயா, அடுத்த முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.