பிஸ்கற் ரின்னுக்குள் இருந்த குளிசைகள்

தருமபுரம்,
கிளிநொச்சி.

அன்புள்ள நண்பா,

வெள்ளாமை வெட்டு முடிந்ததும் ஆறுதலாக எழுதலாம் என்று நாளைக் கடத்தி வந்தேன். இனிக் கடத்த முடியாது. வீட்டில் எல்லோரும் சுகம். குளக்கட்டு விசயத்தில் நீ இன்னும் உண்மையை ஒப்புக்கொள்ளவில்லை என்ற கோபம் எனக்கு ஆறவில்லை. அதை நேரில் பேசித் தீர்ப்போம்.

நெட்டையனுக்குக் காசநோய் திரும்பிவிட்டது. சளியை ஜீன்எக்ஸ்பேர்ட் கருவியில் சோதித்து, றிபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்கு அடங்காத கிருமி என்று சொல்லிவிட்டார்கள். முந்தின வருடம் அவனுக்கு 6 மாத வைத்தியம் தொடங்கியதும், மூன்றாம் மாதத்தில் அதைக் கைவிட்டு மேசன் வேலைக்காகத் திருகோணமலைக்கு உன்னிடம் வந்ததும் எனக்கே இப்போதுதான் தெரியும். அவனுடைய மனைவி ஒரு பழைய பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தாள். செம்பழுப்புக் குளிசைகள் ஈரத்தில் ஊறி அட்டையோடு ஒட்டிக் கிடந்தன. இருவருமாக எண்ணினோம்: 84. நாளுக்கு மூன்று வீதம் நான்கு கிழமைக்கு உரியவை, ஒன்றுகூடக் குறையவில்லை.

அவனை ஏசத்தான் போனேன், ஏச முடியவில்லை. இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பும் தேறியதால் நோய் போய்விட்டது என்று நினைத்திருக்கிறான். வெறும் வயிற்றில் குளிசை குமட்டியது, சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது பயமுறுத்தியது, கிளினிக்குக்குப் போகும் நாளில் கூலி இல்லை, அங்கே ஊரார் கண்டால் மகளின் கலியாணம் குழம்பும் என்ற கவலை வேறு.

நீ வயல் செய்தவன், உனக்கு விளங்கும். ஒரே களைநாசினியைக் குறைத்துக் குறைத்து அடித்தால் தப்பிய களைதான் அடுத்த போகத்தில் வயலை மூடும். நோயுற்ற நுரையீரலில் கோடிக்கணக்கில் பெருகும் கிருமிகளுள் ஐசோனியாசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்துக்கு அடங்காதது ஏறத்தாழ 10 இலட்சத்தில் ஒன்று தானாகவே இருக்கும். றிபாம்பிசினுக்கு அடங்காதது அதைவிட மிக அரிது. ஒன்றுக்குத் தப்பியதை மற்றது கொல்லட்டும் என்றுதான் பல மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இவ்விரண்டுக்குமே அடங்காததைத்தான் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறார்கள்.

உலக சுகாதார தாபனத்தின் மதிப்பீட்டில், 2023 இல் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்கு இவ்வாறு றிபாம்பிசினுக்காவது அடங்காத காசநோய் வந்திருக்கிறது. புதிதாகக் காசநோய் கண்டவர்களில் அது 3 வீதம் அளவில்தான். முன்பு ஒருமுறை மருந்து எடுத்தவர்களிலோ 16 வீதம். நம் நாட்டில் இது இன்னும் அரிதாகவே இருக்கிறது. அரிதாக இருக்கும்போதே மறிக்க வேண்டும் என்பதால்தான் எனக்கு நித்திரை வருவதில்லை. ஒருவர் மருந்தைக் குழப்பியதால்தான் இது வரும் என்றில்லை. அடங்காத கிருமி உள்ளவர் இருமிய காற்றைச் சுவாசித்தவருக்கும் அதே கிருமி நேராகத் தொற்றும்.

இப்போது நான் எழுத வந்ததைச் சொல்கிறேன். நுளம்புக்குப் பயந்து யன்னலைச் சாத்திவிட்டு, ஒரே அறையில் இரண்டு மாதம் அவனோடு படுத்தவன் நீ. உனக்குப் பல வருடமாக நீரிழிவு. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. போனமுறை தொலைபேசியில் நீ இருமியதைச் சுருட்டின்மேல் போட்டுச் சிரித்தாயே, எனக்கு அந்தச் சிரிப்புத்தான் காதில் நிற்கிறது. இந்தக் கிழமையே நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போ. பழகியவனுக்கு மருந்துக்கு அடங்காத வகை என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல். சொன்னால்தான் சரியான சோதனையைக் கேட்பார். சளியையும் சீனியையும் ஒன்றாகப் பார்த்துவிடு.

முன்பு இந்த வகைக்கு 18 மாதத்துக்கு மேலும் மருந்து வேண்டியிருந்தது. போட்ட ஊசியால் காது கேளாமற் போனவர்களும் உண்டு. பெடாகுவிலின் என்ற மருந்து சேர்ந்த, ஊசியில்லாத 6 மாத முறை ஒன்றை 2022 இல் உலக சுகாதார தாபனம் பரிந்துரைத்தது. நெட்டையனுக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியர்கள் முடிவு செய்வார்கள். குளிசை விழுங்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்க நான் ஒத்துக்கொண்டேன். அரிசிக்கும் முட்டைக்கும் ஊரில் நாலு பேரைப் பிடித்திருக்கிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்து அழுதான். சொல்லிவிட்டேன் என்று அவனிடமும் சொல்லிவிட்டேன். சோதனை முடிவு வந்த அன்றே எனக்கு எடு, எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்