வெள்ள விடுமுறையில் கொப்பி நிரம்பினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி வெள்ளத்தால் மட்டக்களப்பில் பள்ளிக்கூடங்கள் பூட்டினால் வட்ஸ்அப்பில் பயிற்சித்தாள்கள் குவிகின்றன. சின்னத் திரையைப் பார்த்துப் பிள்ளை எழுதுவது வெறும் பிரதிதான். (பாதியை அம்மாவே எழுதிக் கொடுப்பது தனிக்கதை.) தரம் 2, 3 பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும், பிறகு எழுந்து ஓடட்டும்.

கணக்கை அடுப்படியிலேயே படிக்கலாம். நாலு பேருக்கு இரண்டு சுண்டு அரிசி என்றால் ஆறு பேருக்கு எத்தனை? பிள்ளையே அளந்து போடட்டும், விடையை முந்திச் சொல்லாதீர்கள். வாசிக்கையில் தடக்கினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிப் பொறுங்கள். உடனே திருத்தினால், பிள்ளை எழுத்தை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

நித்திரை 9 மணித்தியாலமாவது வேண்டும். காற்றுக்கும் மழைக்கும் பயந்து பாயை நனைக்கும் பிள்ளையை ஏசாதீர்கள். வாரக்கணக்கில் நீடித்தால் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

ஆரம்பப்பிரிவு ஆசிரியைகள் சிலர்,
ஆரையம்பதி.