ஸ்விங்கும் சின்கோபேஷனும் கட்டைவிரலில் தொடங்குகின்றன

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிதாரைத் தாமாகவே கற்றுக்கொள்பவர்களுக்காகத் தங்கள் இணைப்பிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விரல்களால் தனித்தனியே தந்திகளை மீட்டும் ஃபிங்கர்ஸ்டைல் வாசிப்பில் எந்த விரல் எந்தத் தந்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கட்டுரையாளர் தெளிவாகவே விளக்கியிருந்தார். ஆனால் கட்டுரையின் முடிவில், ஸ்விங், சின்கோபேஷன் போன்ற நயங்களை விரல்கள் நன்றாக வேகம் பிடித்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றும், அவை பெரும்பாலும் தாமாகவே வந்துவிடும் என்றும் எழுதியிருந்தார். கிதார் கற்பித்து வருபவன் என்ற முறையில் இந்த ஒரு கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வேகம் வந்த பிறகு என்னிடம் வருகிற மாணவர்களுக்குத்தான் இவை மிகவும் கடினமாக இருக்கின்றன. ஏனெனில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே கட்டளைக்கு ஒன்றாக அசையும் பழக்கம் அதற்குள் கையில் ஊறிப்போயிருக்கும்.

கட்டுரையாளர் ஒரே மூச்சில் சொன்ன இவ்விரண்டும் ஒன்றல்ல. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையிலுள்ள காலத்தைச் சரிபாதியாகப் பிரிக்காமல், முன்பகுதியை நீட்டிப் பின்பகுதியைக் குறுக்குவது ஸ்விங். காது எதிர்பார்க்கும் தட்டில் அழுத்தத்தை வைக்காமல் தட்டுகளுக்கு இடையில் வைப்பதும், வர வேண்டிய ஸ்வரத்தைச் சற்று முன்னதாகவே எடுத்துவிடுவதும் சின்கோபேஷன். ஒன்று இல்லாமல் மற்றொன்று இருக்க முடியும். அமெரிக்காவின் பழைய ராக்டைம் பியானோ இசையில் சின்கோபேஷன் நிறைந்திருக்கிறது, ஆனால் அதன் காலப் பிரிவுகள் பெரும்பாலும் சமமானவை. 1950களின் இறுதியில் பிரேசில் கலைஞர் ஜோவா ஜில்பெர்த்தோவின் கிதாரில் வடிவம் பெற்ற பொசா நோவா இசையும் அப்படியே. மாறாக, எளிய ப்ளூஸ் ஷஃபிள் நடை ஒன்றில் ஸ்விங் இருக்கும், அழுத்தங்களோ தட்டுகளிலேயே விழுந்துகொண்டிருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்காத மாணவர், எது சரியாக வரவில்லை என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் பாட்டு முழுவதையும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார்.

இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் கட்டைவிரல். ராக்டைம் பியானோவில் இடக்கை தாழ்ந்த ஸ்வரத்தையும், பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டையும் மாறிமாறி வாசிக்க, அதன் மேல் வலக்கை தட்டைத் தாண்டித் தாண்டிச் செல்லும். அமெரிக்கத் தென்பகுதிக் கிதார் கலைஞர்கள் அந்த இடக்கையின் வேலையைத் தங்கள் கட்டைவிரலிடம் ஒப்படைத்தார்கள். 1926 முதல் 1932 வரை பதிவுகள் செய்த பிளைண்ட் பிளேக், 1928இல் பதிவு செய்துவிட்டு 1963இல்தான் மீண்டும் கண்டறியப்பட்ட மிசிசிப்பி ஜான் ஹர்ட், கென்டக்கியைச் சேர்ந்த மெர்ல் டிராவிஸ் ஆகிய மூவரின் வாசிப்பும் கேட்பதற்கு வெவ்வேறானவை. ஆனாலும் மூவரிடமும் கட்டைவிரல் தனி ஆளாக நின்று காலத்தைக் காக்கிறது. டிராவிஸ் பெரும்பாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டுமே பயன்படுத்தினார். வானொலியில் அவரைக் கேட்ட செட் அட்கின்ஸ், ஒரே விரலால் இத்தனையும் செய்ய முடியாது என்று எண்ணிக்கொண்டு மேலும் இரு விரல்களைச் சேர்த்துத் தமக்கென ஒரு பாணியை அமைத்துக்கொண்டார் என்பது கிதார் உலகில் பலரும் அறிந்த செய்தி. இரண்டு விரல்களே போதும் என்னும்போது வேகத்தை முன்நிபந்தனையாக வைப்பது ஏன் என்பதே என் கேள்வி. ராக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் தம் இசைத்தாள்களிலேயே, ராக்டைமை வேகமாக வாசிக்க வேண்டாம் என்று அச்சிட்டு எச்சரித்தவர் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

ஆகவே தொடக்க மாணவருக்கு நான் கொடுப்பது சி மேஜர் கார்டு ஒன்றுதான். மிக மெல்லிய தந்தியை முதலாவதாகக் கொண்டு எண்ணினால், கட்டைவிரல் ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி என்று மாறிமாறி நான்கு தட்டுகளிலும் விழ வேண்டும். மற்ற விரல்கள் சும்மா இருக்க வேண்டும். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் தந்திகள் கிதாரின் உடலோடு இணையும் பிரிட்ஜின் அருகே, தடித்த பேஸ் தந்திகளின் மேல் லேசாக வைத்து, அவற்றின் ஒலி நீளாமல் அடக்கிக்கொள்வது நல்லது. பேஸ் ஸ்வரங்கள் இரைந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டால், பிறகு மேல் தந்திகளில் செய்யப்போகும் காலமாற்றம் எதுவும் காதில் விழாது. இந்த நிலையில் யாராவது பேச்சுக் கொடுத்தால், கட்டைவிரல் தடுமாறாமல் பதில் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். முடியாதவரை அடுத்த கட்டத்திற்குப் போவதில்லை. மாணவர்களுக்கு இது சலிப்பூட்டுகிறது என்பதை அறிவேன். ஆனால் இதற்குக் குறுக்குவழி எதையும் நான் கண்டதில்லை.

அடுத்தது வாய்க்குரிய பாடம். கையால் தாளம் போட்டுக்கொண்டே தாளத்தின் தொடக்கத்திலிருந்து அரை இடம் தள்ளி எடுக்கும் பாடலைப் பாடத் தெரிந்தவருக்கு, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே நடக்க வேண்டிய வேலை இன்னதென்று ஏற்கெனவே தெரியும். தெரியாதவரும் சொற்கட்டின், அதாவது தாளத்தை வாயால் சொல்லும் அசைகளின், உதவியால் அதைப் பெறலாம். நான்கு தட்டுகளை எட்டு அரைத்தட்டுகளாக எண்ணி, காலால் நான்கு தட்டுகளையும் தட்டிக்கொண்டு, அவற்றின் மேல் "தகிட தகிட தக" என்று சொல்ல வேண்டும். மூன்று 'த'க்களில் முதலாவது முதல் தட்டில் விழும். இரண்டாவது இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவே அந்தரத்தில் நிற்கும். மூன்றாவது நான்காம் தட்டில் இறங்கும். வாயில் இது உறுதியானதும் காலின் வேலையைக் கட்டைவிரலுக்கும், 'த'க்களை முதல் தந்தியில் நடுவிரலுக்கும் மாற்றிக்கொடுத்தால், சின்கோபேஷனின் முதல் வடிவம் கைக்கு வந்துவிடுகிறது. இதையே இரண்டு தாளச் சுற்றுகளுக்கு நீட்டி "தகிட தகிட தகிட தகிட தக தக" என்று சொல்லிப் பழகினால், ராக்டைம் வாசிப்பில் ஓயாமல் வரும் மூன்றன்மேல் மூன்றான அடுக்கு புரியத் தொடங்கும். எந்தத் தந்தியில் எங்கே அழுத்துவது என்று எண்களால் காட்டும் டேப் தாளைப் பார்த்து இதே வடிவத்தை வாசிக்க முயல்பவர், எந்த ஸ்வரம் கட்டைவிரலோடு சேர்ந்து விழுகிறது, எது தனியே விழுகிறது என்று கண்ணால் கணக்குப் போடுவதிலேயே களைத்துவிடுகிறார்.

சின்கோபேஷனில் உண்மையான சிக்கல் வலக்கையில் இல்லை, இடக்கையில் இருக்கிறது. இதைப் பற்றிப் பாடநூல்கள் ஏனோ அதிகம் பேசுவதில்லை. அடுத்த சுற்றின் முதல் தட்டுக்குரிய மெட்டு ஸ்வரத்தை அரைத்தட்டு முன்னதாக எடுக்கும்போது, அந்த ஸ்வரம் புதிய கார்டைச் சேர்ந்ததாகவும், கட்டைவிரல் அப்போதுதான் வாசித்து முடித்த பேஸ் பழைய கார்டைச் சேர்ந்ததாகவும் இருக்கும். சி மேஜரிலிருந்து ஜி செவன்த் கார்டுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். நான்காம் தட்டில் கட்டைவிரல் நான்காம் தந்தியை மீட்டுகிறது. அதற்கு இடக்கை நடுவிரல் இரண்டாம் ஃப்ரெட்டில், அதாவது கிதார்க் கழுத்தின் இரண்டாம் கட்டத்தில், இருந்தாக வேண்டும். அடுத்த அரைத்தட்டில் இடக்கை ஆள்காட்டி விரல் மட்டும் இரண்டாம் தந்தியை விட்டு முதல் தந்தியின் முதல் ஃப்ரெட்டுக்குச் சென்று, ஜி செவன்த் கார்டின் எஃப் ஸ்வரத்தைத் தர வேண்டும். அதன் பிறகே நடுவிரலும் மோதிர விரலும் தத்தம் புதிய இடங்களுக்கு நகர்ந்து, முதல் தட்டில் ஆறாம் தந்திக்குத் தயாராக வேண்டும். அதாவது, கார்டு ஒரே அசைவில் மாறுவதில்லை. இரண்டு தவணைகளில் மாறுகிறது. கார்டுகளை ஒரே தாவலில் பிடிக்கப் பல மாதங்கள் பழகிய கைக்கு இந்தத் தவணை முறை இயல்புக்கு மாறானதாகத் தோன்றும். கைவிரல் நின்று தடுமாறும், மெட்டு ஸ்வரம் தட்டுக்குத் திரும்ப ஓடிவிடும், மாணவர் "எனக்குத் தாள ஞானம் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார். தொடக்கத்திலேயே இதைக் கற்பித்தால் இந்தத் துன்பம் இல்லை.

ஸ்விங்கிற்கும் அதே 'தகிட' உதவும். ஆனால் வைக்கும் இடம் வேறு. சின்கோபேஷனில் 'தகிட' தட்டுகளின் மேல் குறுக்கே படர்ந்தது. இங்கே ஒரே தட்டுக்குள் மூன்று சம பங்குகளான திச்ர நடையாக அடங்குகிறது. 'த'வைக் கட்டைவிரலோடு சேர்த்துச் சொல்லி, 'கி'யை மனத்துக்குள் விழுங்கி, 'ட'வை மட்டும் வெளியே சொன்னால் ஸ்விங்கின் இடை ஸ்வரம் எங்கே விழ வேண்டும் என்பது தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 80 தட்டுகள் என்ற வேகத்தில் ஒரு தட்டின் நீளம் 750 மில்லிவினாடி. சமமாகப் பிரித்தால் இடை ஸ்வரம் 375ஆவது மில்லிவினாடியில் விழும். திச்ர நடையில் 500ஆவது மில்லிவினாடியில் விழும். மாறுவது இந்த இடை ஸ்வரம் ஒன்றுதான். தட்டுகளில் நடக்கும் கட்டைவிரல் ஸ்விங்கிலும் முன்போலவேதான் நடக்கிறது. இதை அறியாமல் கட்டைவிரலையும் சேர்த்து ஆட்டிவிடுகிறவர்கள் பலர்.

ஆனால் இரண்டுக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தை வேதவாக்காகக் கொள்ளக்கூடாது. ஜாஸ் டிரம் கலைஞர்களின் வாசிப்பை அளந்து பார்த்தவர்கள், வேகம் கூடக் கூட விகிதம் சமத்தை நோக்கி நகர்வதைக் கண்டிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 240 தட்டுகள் என்றால் திச்ரத்தின் கடைசிப் பங்கு ஏறத்தாழ 83 மில்லிவினாடி மட்டுமே. கை விரும்பினாலும் அதற்கு மேல் குறுக்க இடமில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு நுட்பம் வெளிப்பட்டது: தனி வாசிப்பவர் தட்டில் விழும் ஸ்வரங்களைத் தாளக் குழுவைவிட மிகச் சிறிதளவு தாமதித்து, இடை ஸ்வரங்களை மட்டும் அவர்களோடு ஒன்றாக வைக்கும்போது, கேட்பவர்களுக்கு ஸ்விங் கூடுதலாகத் தோன்றுகிறது. தனிக் கிதாரில் தாளக் குழு என்பது கட்டைவிரல்தான். எனவே மெட்டு விரல்கள் தட்டுகளில் கட்டைவிரலுக்கு ஒரு நூலிழை பின்னால் விழுந்தால் என்ன ஆகிறது என்பதைத் தேர்ந்த மாணவர்கள் சோதித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. தொடக்க மாணவருக்கு இது தேவையில்லை.

தட்டுகளைச் சீராக ஒலிக்கும் மெட்ரோநோம் கருவி பற்றியும் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருந்தார். நான்கு தட்டுகளிலும் ஒலிக்கும்படி அதை வைத்துக்கொண்டால், காலத்தைக் காக்கும் பொறுப்பு கருவிக்குப் போய்விடுகிறது. அதன் வேகத்தைப் பாதியாக்கி, ஒலியை இரண்டாம், நான்காம் தட்டுகளாகக் கொண்டு வாசிக்க வேண்டும். அப்போது ஒன்றையும் மூன்றையும் கட்டைவிரலே உருவாக்கியாக வேண்டும். தவறினால் உடனே தெரிந்துவிடும். கைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேட்பது இதைவிடக் கடுமையான தேர்வு. டேப் தாள்களைப் பொறுத்தவரை, ஸ்விங் குறியீடு தாளின் உச்சியில் ஒரே ஒரு முறை சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கவனியாமல் கீழேயுள்ள எல்லாவற்றையும் சமமாக வாசித்துவிட்டு, பதிவில் கேட்டது ஏன் வரவில்லை என்று திகைப்பவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

தாள உணர்வு பிறவியில் வருவது என்ற வாதத்தை நான் நீளமாக மறுக்கப்போவதில்லை. வாயால் சொல்ல முடிந்த எதையும் விரலால் வாசிக்கப் பழகிக்கொண்டவர்களையே வகுப்பில் கண்டு வருகிறேன். சொல்ல முடியாமல் வாசித்தவர்களைக் கண்டதில்லை.

கட்டுரையின் தொடர்ச்சி வெளிவரும் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், அடுத்த பகுதியில் புதிய விரல் வடிவங்களைக் கூட்டுவதற்கு முன்பாக, கட்டைவிரலின் தனிப் பயிற்சிக்கும், மேலே சொன்ன இரண்டு தவணைக் கார்டு மாற்றத்துக்கும் இடம் ஒதுக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கார்டு மாற்றத்துக்கு இடக்கை விரல்கள் நகரும் வரிசையைக் காட்டும் படம் ஒன்றையும் அருகில் அச்சிட்டால், எழுத்தால் விளங்காதவர்களுக்கும் அது பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிதார் கற்பிக்கும் வாசகர் ஒருவர்