'செட்' என்றால் தொகுப்பு மட்டும்தானா?

ஐயா,

மாணவர் பக்கத்தின் ஆங்கிலச் சொல் பட்டியலில் 'செட்' என்பதற்குத் 'தொகுப்பு' என்று மட்டும் போட்டிருந்தீர்கள். வீட்டில் டியூஷன் எடுக்கிறவள் என்பதால் எழுதுகிறேன். 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இது வினைச்சொல்லாக வரும்போது மட்டும் சுமார் 430 பொருள்கள். பிற்பாடு திருத்தும் வேலையில் 'ரன்' 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது.

பிள்ளைகளுக்கு அத்தனையும் வேண்டாம், சரி. ஆனால் சூரியன் மறைவதும், ஜெல்லி உறைவதும், கேள்வித்தாள் தயாரிப்பதும், அலாரம் வைப்பதும் 'செட்'தான் என்று தெரிய வேண்டாமா? 'தி சன் செட்ஸ்' என்பதற்கு ஒரு பையன் 'சூரியன் தொகுப்புகள்' என்று எழுதிக் காட்டினான். இத்தனைக்கும் அவன் அப்பா கொத்தனார். கான்கிரீட் செட் ஆகிவிட்டதா என்ற பேச்சு அந்த வீட்டில் தினமும் அடிபடும். பம்புசெட், செட் தோசை, 'அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது' என்று நம் வாயில் புழங்குவதிலிருந்து ஆரம்பித்தால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

வாரத்துக்குப் பத்துச் சொல் வேண்டாம். ஒரே சொல், நாலைந்து பொருள், பொருளுக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள். எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் வெட்டி ஒட்டி வைக்க வசதி.

ஒரு வாசகி,
திருச்செங்கோடு