நீ எழுதிய ‘தற்காலிகம்’

ஜூரோங்,
சிங்கப்பூர்

மச்சான்,

தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினாய், நான் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். சின்னவன் ஆறாம் வகுப்பு பிஎஸ்எல்இ பரீட்சை எழுதி முடித்துவிட்டான். அவன் அம்மாதான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் நீதான். 2007 ஜூலையில் ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 7 ஆனதே, அதற்கு முந்தின வாரம் நம் கம்பெனிக் கணக்கு ஓடும் எஸ்ஏபி மென்பொருளில், நமக்கென்றே தனியாக ஒரு இசட் புரோகிராம் ராத்திரியோடு ராத்திரியாக எழுதினாய். நம் ‘மீசை’ பக்கத்தில் நின்று பரோட்டா தின்றுகொண்டு உன்னை அவசரப்படுத்தினார். அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மேலே உன் இனிஷியல், கீழே ஆங்கில எழுத்தில் ‘தற்காலிகம்’.

நாம் ஓட்டும் பழைய எஸ்ஏபி பதிப்பான ஈசிசிக்கு 2027 கடைசியோடு வழக்கமான பராமரிப்பு முடிகிறது. கூடப் பணம் கட்டினால் 2030 வரை ஓட்டலாம். நம்மவர்கள் கட்டுகிற ஆளா? புதுப் பதிப்பான எஸ்/4ஹானாவுக்கு மாற்றும் வேலையை மொத்தமாகச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு பிக்ஸட் பிரைஸில் கொடுத்துவிட்டார்கள்.

போன சனிக்கிழமை, பழையதிலிருந்து புதியதற்குத் தாவும் கட்ஓவர் ஒத்திகை. அக்கவுண்ட்ஸ் அக்கா ஒரு இன்வாய்ஸை என் மேசையில் போட்டு, “கப்பலுக்கு எப்ப தம்பி வரி போட ஆரம்பிச்சோம்?” என்றார். வெளிநாடு போகும் கப்பலுக்குக் கொடுத்த கயிறும் பெயின்ட்டும். பூஜ்ய வரியில் போக வேண்டியதில் 9 சதவீதம் ஏறி நிற்கிறது. கப்பல் இன்வாய்ஸ் அத்தனையும் அப்படித்தான்.

சாயங்காலம் வரை தேடினேன். கடைசியில் உன் ஒற்றை வரி: வாடிக்கையாளர் எண் 7-ல் ஆரம்பித்தால் கப்பல், வரி கிடையாது. எஸ்/4-ல் வாடிக்கையாளர், சப்ளையர் எல்லாரையும் ‘பிசினஸ் பார்ட்னர்’ என்ற ஒரே பட்டியலுக்கு மாற்றியே ஆகவேண்டும். நம்மிடம் இரண்டு பக்க எண்களும் மோதின; சென்னைப் பையன்கள் எல்லாருக்கும் புது எண் கொடுத்துவிட்டார்கள். 7 போயிற்று. புரோகிராம் ஒரு எரர்கூட இல்லாமல் ஜம்மென்று ஓடியது!

அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. நீ இதை எழுதியபோது அந்த டெவலப்பர் பெண் மூன்றாம் வகுப்பில் இருந்திருப்பாள். “சார், இது என்ன செய்யணும்னு எழுதின ஸ்பெக் இருக்கா?” என்று கேட்டாள். ஸ்பெக் பொள்ளாச்சியில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது என்றா சொல்ல?

டெண்டரில் இசட் புரோகிராம் எத்தனை என்று எண்ணிப் போட்டோம். எது எதற்கு என்று ஒருவரும் எழுதவில்லை, நான் உட்பட. இப்போது தோண்டத் தோண்ட வருவதெல்லாம் சேஞ்ச் ரிக்வெஸ்ட், தனி பில். கமிட்டி ஸ்லைடில் மட்டும் எல்லாம் பச்சை. நம் குட்டை பாஸ், “வேலையை வெளியே கொடுத்தாச்சு, ரிஸ்க்கும் அவங்களோடது” என்கிறார். வரி ஆபீஸ் கடிதம் சென்னைக்கா போகும்? ஜெர்மன் சூப்பர்மார்க்கெட் லிடில் ஏழு வருஷம் இழுத்து, 50 கோடி யூரோ அளவுக்குச் செலவு செய்து, 2018-ல் எஸ்ஏபி திட்டத்தைக் கைவிட்ட கதையைச் சொல்லிப் பார்த்தேன். “நாம சூப்பர்மார்க்கெட் இல்லையே” என்றுவிட்டார்.

சரி, சிரிப்பு போதும். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, மச்சான். உன் 7 கண்ணில் பட்டது, அதுவும் அக்கா இருந்ததால். அவருக்கு மார்ச்சில் ஓய்வு. நேற்று 2011-ல் நானே எழுதிய ஒன்றைத் திறந்தேன். மாதக் கடைசிக் கணக்கில் மூன்றாம் கிடங்கை மட்டும் விட்டுவிடச் சொல்கிறது. ஏன் விட்டேன், யார் விடச் சொன்னார்கள், ஒன்றும் நினைவில்லை. மீசையைக் கேட்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம்.

வருகிற சனிக்கிழமை இங்கே காலை பத்து, உனக்கு ஏழரை. இரண்டு மணி நேரம் வீடியோவில் உட்கார். அந்தப் பெண்ணும் இருப்பாள், நீ சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாள். உன் இனிஷியல் போட்ட புரோகிராம் 41 இருக்கிறது. பட்டியல் தனியாக அனுப்புகிறேன். காசு கிடைக்காது. வரும்போது தேக்காவில் மட்டன் பிரியாணி, என் செலவு.

அப்புறம், அந்த மூன்றாம் கிடங்கு. உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

உன்
தூங்குமூஞ்சி